நாளைக்கு வரச் சொன்ன கரடி

நாவல்குளத்துக் கரையில் கரடி ஒன்று தேன் கடை வைத்திருந்தது. தேன் அசல் தேன், குறை சொல்ல முடியாது. ஆனால் கரடிக்கு ஒரு பிடிவாதம். கடை வாசலில் "இல்லை" என்ற சொல் விழவே கூடாது, விழுந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்பியது.

அதனால் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

ஒருநாள் முயல் வந்தது. "கரடியண்ணே, தண்ணி ஊத்தி வைக்க ஒரு பானை கிடைக்குமா?"

"நாளைக்கு வாங்க."

முயல் மறுநாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. நான்காம் நாள் அலுத்துப்போய் அக்கரைச் சந்தைக்குக் கிளம்பிவிட்டது. போன இடத்திலேயே தேனும் வாங்கிக்கொண்டது. இப்படி ஒவ்வொருவராக அக்கரைக்குப் போக, கரடி கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தது.

எதிர் மரத்தில் ஒரு குளவி இருந்தது. மண் குழைத்துப் பானை செய்வது அதன் தொழில். கூட உழைக்கத் தங்கைகள் நாற்பது பேர். கரடிக்கோ குளவி என்றாலே நடுக்கம். எப்போதோ மூக்கில் வாங்கிய கொட்டு அப்படி. அந்த மரத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அங்கே ஒரு கடை இருப்பதே அதற்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் யானை வந்தது.

"வெள்ளிக்கிழமை என் பொண்ணு கல்யாணம். இருபது குடுக்கை தேன் வேணும். முடியுமா?"

"கட்டாயம்!" என்றது கரடி. இந்த ஆர்டரும் இல்லையென்றால் கடையை மூடிவிட வேண்டியதுதான்.

ஆனால் அந்த வருஷத்து வெயில் பொல்லாத வெயில். மறுநாள் பார்த்தால் சுரைக் குடுக்கைகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. தேன் ஒழுகியது. எறும்புகள் வரிசை கட்டி வந்தன. மிச்சத் தேனை அவசரமாகக் கல்தொட்டியில் ஊற்றிவிட்டு, கரடி பானை தேடி ஓடியது.

இரண்டு நாள் காடெல்லாம் அலைந்தது. கடைசியில் ஆற்றங்கரையில் ஒரு கொக்கு சொன்னது: "பானையா? நாவல்குளத்துக் குளவியக்காகிட்ட கேளுங்க. அங்க ஒரு கரடி தேன் விக்குமே, அதுக்கு எதிர் மரம்."

கரடிக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பி ஓடிவந்தபோது குளவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. கரடி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றது.

"அக்கா, இருபது பானை வேணும். அவசரம்."

குளவி நிமிர்ந்து பார்த்தது. "நாளைக்கு வாங்க."

கரடி தலையைத் தொங்கப்போட்டது.

"பானைக்காக முயல் மூணு நாள் உங்க வாசலுக்கு நடந்த கதை அப்புறம்தான் என் காதுக்கு வந்துச்சு" என்றது குளவி. "எதிர் மரம்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க தேன் புளிச்சா போயிடும்? ஆள் வராமத்தான் நான் ஊரையே விட்டுக் கிளம்புறேன்."

"தப்புதான் அக்கா. நீங்க பானை செய்யறதே எனக்குத் தெரியாது. வேற கடைக்கு வழி சொன்னா வந்தவங்க அப்படியே போயிடுவாங்கன்னு நினைச்சு, விசாரிக்கவும் இல்லை. இப்ப எல்லாருமே போயிட்டாங்க."

குளவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மூக்கை விடுங்க. கொட்ட மாட்டேன். போய் மண் அள்ளிட்டு வாங்க. பானைக்குள்ள பூச மெழுகு வேணும். இல்லேன்னா தேன் கசியும்."

"மெழுகா? என்கிட்ட மலையாக் குவிஞ்சு கிடக்கே!"

கரடி மண் சுமந்தது. குளவிகள் பானை வனைந்தன. அந்தப் பொல்லாத வெயிலே அவற்றைக் காயவைத்தது. உள்ளே மெழுகு பூசி, தேன் நிரப்பி, வெள்ளிக்கிழமை விடியும்போது இருபது பானையும் கல்யாண வீட்டில் இருந்தன. பந்தியில் கேட்டவர்களுக்கெல்லாம் கரடி பானை செய்தவர் பெயரைச் சொன்னது. குளவி தேன் கடைக்கு வழி சொன்னது.

அடுத்த வாரம் முயல் கரடி கடைக்கு வந்தது. "அண்ணே, பாய் கிடைக்குமா?"

"நாளை..." என்று ஆரம்பித்த கரடி நாக்கைக் கடித்துக்கொண்டது. "என்கிட்ட இல்லைம்மா. குளத்து மேட்டுல தூக்கணாங்குருவி அருமையா முடையும். நான் அனுப்பினேன்னு சொல்லு."

முயல் நாலடி போய்த் திரும்பி வந்தது. "அப்படியே எனக்கு ஒரு பானை தேன் எடுத்து வைங்கண்ணே, வரும்போது வாங்கிக்கிறேன்."

பக்கத்துக் கடைக்கு வழி சொல்கிறவன் கடைக்குத்தான் ஆள் திரும்பி வரும்.