ஆணியில் தொங்கிய குடை

ஒரு கேடயத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை இது. நிதானமாகப் படியுங்கள், விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

நாகர்கோவிலில் புஷ்பலீலா என்று ஒரு தாய். அவளுக்கு ஒரே மகள், ஜெபிஷா. எட்டு வயதில் அந்தப் பெண்ணுக்குக் கால் தரையில் நிற்காது. சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள்; ஓடிய பிறகு, எதற்கு வந்தோம் என்று யோசிப்பாள். ஒரே மழைக்காலத்தில் ஏழு குடைகளைத் தொலைத்தாள். "நீ பிள்ளையா பெத்தே? பம்பரம்லா பெத்திருக்கே" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

புஷ்பலீலா மகளை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இது சேட்டை இல்லை, ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு என்று அவர் விளக்கினார். கிளம்பும்போது இரண்டு வாக்கியங்கள் சொன்னார். வளர வளர ஓட்டம் மெல்ல மெல்லக் குறையும் என்பது முதலாவது. அந்த நிம்மதியில் இரண்டாவதை அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை. நான்கு முறை போனார்கள், அப்புறம் போகவில்லை.

ஏழு ஆண்டுகள் ஜெபிஷா வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கினாள். 'மறதி மகாராணி' என்று வகுப்பில் பட்டம் வைத்தார்கள். பத்தாம் வகுப்பில், ஜூன் மாதம் துள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போனவள், ஆகஸ்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆண்டு இரண்டு பருவமழையும் கொட்டித் தீர்த்தன. அவளுடைய பாடப்புத்தகங்கள் ஈரம் குடித்து உப்பிப்போயின. குடை மட்டும் தொலையவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில், மடிப்புக் கலையாமல் தொங்கியது. தண்ணீர் பாட்டிலும் தொலையவில்லை. கொண்டுபோன தண்ணீரோடு அப்படியே திரும்பி வந்தது. ஞாயிறுதோறும் வாசலில் நின்று கூப்பிடும் தோழி ஆன்சி இப்போதெல்லாம் வருவதில்லை. வீடு அமைதியாக இருந்தது. புஷ்பலீலா ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

ஆண்டு விழாவில், நடத்தையில் மிகவும் முன்னேறிய மாணவிக்கான கேடயம் ஜெபிஷாவுக்கு. அவளைத் திருத்தியவர் யாரோ அவரே மேடையேறி வாங்கிக்கொள்ளட்டும் என்றார் பள்ளித் தாளாளர். மூன்று பேர் எழுந்தார்கள். வகுப்பாசிரியை ஸ்டெல்லா, ஓராண்டாக அவளை யாரோடும் சேரவிடாமல் தன் மேசையருகே தனியாக உட்காரவைத்ததைச் சொன்னார். தந்தை கிறிஸ்துதாஸ், விளையாட்டை நிறுத்திக் காலையும் மாலையும் டியூஷனுக்கு அனுப்பியதைச் சொன்னார். புஷ்பலீலா தன் நாற்பது நாள் உபவாச ஜெபத்தைச் சொன்னாள்.

தாளாளருக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. ஜெபிஷாவிடமே மைக்கை நீட்டினார். "நீயே சொல்லும்மா. யாருக்குக் கொடுக்கலாம்?"

"யாருக்கு வேணும்னாலும் குடுங்க சார். எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

என்ன அடக்கம் என்று அரங்கமே கைதட்டியது. புஷ்பலீலாவுக்குக் கண் நிறைந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ஜெபிஷாவை மாற்றியது யார்? அந்தக் கேடயம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: யாருக்கும் இல்லை. குடை தொலையாததற்குக் காரணம், அவள் அதை எடுத்துப் போகவே இல்லை. நனைவதும் நனையாததும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. மெல்லக் குறைய வேண்டிய ஓட்டம் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. அவள் திருந்தவில்லை, அவளுக்கு மனச்சோர்வு. மருத்துவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் இது: "ஒரேயடியா அடங்கிப்போனா சந்தோஷப்படாதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க." புஷ்பலீலாவுக்கு அது இன்னும் நினைவுக்கு வரவில்லை. கேடயம் கடைசியில் அவள் கைக்குத்தான் வந்தது. மாட்டுவதற்கு வீட்டில் வேறு ஆணி இல்லை. குடையை இறக்கி மூலையில் வைத்துவிட்டு, அந்த ஆணியிலேயே மாட்டியிருக்கிறாள்.