ஓகே என்று ஒரு பதில்

"அம்மா, ஓகேன்னா என்ன அர்த்தம்?"

கேட்டவர் தவசிமுத்து. ஆயுள் முழுக்கக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவர். மலையடிவாரத்தில் ஆசிரமம் வைத்திருந்த மங்கையம்மைக்கு அவர் சீடர், வயதில் மட்டும் மூத்தவர்.

மங்கையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா, சார்?"

"தெரியலையே, அதான் வந்தேன்."

விஷயம் இதுதான். சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுடர்மதி போனில் கேட்டாள்: "அப்பா, எனக்குப் பிடிச்சவரையே கட்டிக்கிடட்டுமா?"

"ஓகே" என்றார் இவர்.

"அப்படின்னா என்னப்பா அர்த்தம்?"

இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றோடு மகள் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். பாவம், மனிதர் அகராதி அகராதியாகப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"அமெரிக்காவுல பத்திரிகைக்காரங்க 'எல்லாம் சரி'ங்கிறதை வேணும்னே தப்பும் தவறுமா எழுதி, அதையும் சுருக்குனாங்கன்னு ஒரு கதை இருக்கும்மா."

"ஓகே" என்றார் மங்கையம்மை.

"அங்கத்துப் பூர்வகுடிங்க பேச்சுலேருந்து வந்ததுன்னு இன்னொரு கதை."

"ஓகே."

"இதுல எதை நம்புறது?"

"ஓகே."

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டார். படிப்பாளிப் பேச்சு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கிறது இந்தப் பிள்ளை ஒருத்திதான். இவளும் போயிட்டா நான் என்ன செய்வேன்? பயமா இருக்கும்மா. சாப்பாடே இறங்க மாட்டேங்குது."

மங்கையம்மை கீரைக்கட்டிலிருந்து இன்னொரு தண்டை உருவினார்.

"ஓகே."

அவ்வளவுதான். தவசிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவாவது ஒன்றாவது!

"நெஞ்சைத் திறந்து பேசிக்கிட்டிருக்கேன். அப்படியா, ஏன் சாப்பிடலைன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஓகேயாம் ஓகே! இதுக்கு என்ன அர்த்தம்?"

மங்கையம்மை முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

மகளும் இதையேதான் கேட்டாள் என்பது தவசிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. பிறகு சட்டைப்பையைத் தடவிப் போனை எடுத்தார்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார்.

"ம்" என்றது மகளின் குரல்.

"சுடரு, அந்தத் தம்பிக்கு என்ன பிடிக்கும்? மீனா, கறியா?"