பவழத்தின் அழுகையைப் பிடித்த சிமிழ்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மழைக்கு மட்டும் பயப்படாத ஒரு தேசம் இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் பயம்தான். வெயிலுக்குப் பயம், ராஜாவுக்குப் பயம், ராஜாவின் மந்திரவாதிக்கு ரொம்பப் பயம்.

அங்கே கோடை வந்தால் பாட்டுத் திருவிழா. ஏரிக்கரை மண்டபத்தில் முதல் நாள் ஒருத்தர் பாடுவார், ஒரு நாள் மூன்று பேர், ஒரு நாள் ஐந்து பேர், கடைசி நாள் நாற்பது பேர் ஒன்றாய்ச் சேர்ந்து பாடுவார்கள். அந்த நாற்பது குரலும் தேன்தான். நடத்துகிறவன் அந்த மந்திரவாதி, பேர் சுருதிமாயன்.

அந்த ஊரில் அல்லிமுத்து என்று ஒரு பெண். நாலு பேர் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்வாள். புருஷன் உப்பு வண்டியோடு வெளியூர் போயிருந்தான். கைக்குழந்தை பவழத்துக்கு ஆறு மாசம். விட்டுவிட்டு வர ஆள் இல்லை. பாட்டு என்றால் அவளுக்கு உயிர். அதனால் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு திருவிழாவின் முதல் நாளே போய், கடைசித் தூண் ஓரமாய் உட்கார்ந்தாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது பவழம் அழுதாள். பிள்ளை என்றால் அழத்தானே செய்யும்?

முன்னால் இருந்த ஒரு அம்மாள் திரும்பி, "உஷ்" என்றாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "உஷ்" என்றார். அப்புறம் மண்டபமே திரும்பி, "உஷ்" என்றது.

மூன்றாவது உஷ் விழுந்ததும் சுருதிமாயன் மேடையை விட்டு இறங்கி வந்தான். கையில் ஒரு வெள்ளிச் சிமிழ். பிள்ளையின் வாய்க்கு நேரே மூடியைத் திறந்தான், டப்பென்று மூடினான். அவ்வளவுதான். பவழத்தின் வாய் திறந்தே இருக்கிறது, கண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை.

"என் பிள்ளைய என்ன செஞ்சீங்க?" என்று அல்லிமுத்து கேட்டாள். அவளுக்கே கேட்காத குரலில்தான் கேட்டாள்.

"குரலை எடுத்துக்கிட்டேன். என் நாப்பது பேர்ல ஒருத்தர் தொண்டையில வைக்கப்போறேன். இங்க பாடுறது எல்லாம் இப்படி வந்த குரல்தான். மூணு உஷ் விழுந்தா அது எனக்கு."

"குடுத்துடுங்க சாமி."

"கண்டுபிடிச்சா எடுத்துக்கோ. இன்னும் மூணு கச்சேரி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளைக் காட்டணும். மூணும் தப்பாப் போனா உன் குரலும் எனக்கு."

உஷ் சொன்ன ஜனங்கள் விசிறிக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டில் அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? பிள்ளைக்குப் பசித்தால் தெரியாது. எறும்பு கடித்தால் தெரியாது. அடுப்படியில் நின்றாலும் ஓடி ஓடி வந்து முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்க அவளுக்குள் கோபம் கொதித்தது. மந்திரவாதி மேல் ஒரு பங்கு. அந்த உஷ்களின் மேல் ரெண்டு பங்கு.

மூன்று பேர் கச்சேரிக்குப் போனாள். மூன்றில் எது மெல்லிசான குரலோ, அந்தப் பெண்ணைக் காட்டினாள்.

"தப்பு," என்றான் சுருதிமாயன். "உன் பிள்ளை குரல் இன்னிக்குப் பாடவே இல்ல."

ஐந்து பேர் கச்சேரிக்குப் போனாள். அதில் எது உச்சியில் கீச்சென்று போனதோ, அந்தப் பையனைக் காட்டினாள்.

"தப்பு. இன்னிக்கும் பாடல." அவன் சிரித்தான். ஜனங்களும் சிரித்தார்கள்.

"இல்லாத இடத்துல என்னத் தேட விட்டீங்க," என்றாள் அல்லிமுத்து. இந்தத் தடவை அடுத்த தூண் வரைக்கும் கேட்டது.

கடைசி நாள் வந்தது. ராஜாவும் வந்தார். நாற்பது பேர் எழுந்து நின்று பாடினார்கள். மலை புரண்டு வருகிற மாதிரி பாட்டு. அதில் எந்தக் குரல் என் பிள்ளை குரல்? காதைத் தீட்டிக் கேட்டாள், தெரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டாள், தெரியவில்லை. கோபத்தில் காதுக்குள் இரைச்சல்தான் கேட்டது. பாட்டையே விட்டுவிட்டு, மடியில் வாயைத் திறந்து திறந்து மூடுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு மீசைக்காரர், எருமை மாதிரி உடம்பு, பானைக்குள் பேசுகிற மாதிரி அடிக்குரல், தனியாக ஒரு அடி பாடினார்.

அல்லிமுத்துவுக்கு மாரில் பால் சுரந்தது. ரவிக்கை நனைந்தது. அவர் நிறுத்தினார், பாலும் நின்றது. மறுபடி பாடினார், மறுபடி சுரந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே.

எழுந்து நின்றாள். "அவருதான்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. "அந்தத் தடியனா? பச்சப்பிள்ளக் குரலா?"

சுருதிமாயன் சிரிக்கவில்லை. "எப்படிச் சொல்ற? காரணம் சொல்லு. ராஜா கேக்கிறார்ல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

இவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வாள் என்று அவன் நினைத்தான். இந்த ஒரு தப்பைத்தான் அவன் செய்தான்.

"எனக்குப் பால் சுரந்துச்சு," என்றாள் அல்லிமுத்து. "அவர் பாடுறப்பல்லாம் சுரக்குது. உங்க வேஷமெல்லாம் காதை ஏமாத்தும். இத ஏமாத்தாது. எம்பிள்ள பசியில அழுவுறா. அத நீங்க பாட்டுன்னு கேட்டுக்கிட்டு தாளம் போடுறீங்க. வெக்கமா இல்ல?"

ராஜா தொடையில் தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

அவள் நேரே மேடை ஏறி, பிள்ளையை மீசைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். பவழம் வீரிட்டு அழுதாள். ஏரியில் கொக்கெல்லாம் பறந்தது.

வாசலில் நின்ற ஒரு தயிர்க்காரி, "எம்புள்ள மூணு வருஷமாப் பேசலையே," என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி. ஒரு குரல் வீடு திரும்பியதும் மந்திரக்கட்டே அவிழ்ந்துவிட்டது. மேடையில் முப்பத்தொன்பது வாய் திறந்தது, ஊரில் முப்பத்தொன்பது பிள்ளைகள் கத்தின. சுருதிமாயன் ஏதோ மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. காவலர்கள் அவனை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

மீசைக்காரர் தொண்டையைத் தடவிப் பார்த்தார். "தாயி, இது என் சொந்தக் குரல். கேட்டுப் பத்து வருஷமாச்சு." கரகரவென்று இருந்தது.

ராஜா அல்லிமுத்துவுக்கு ஒரு தங்கக் காப்பு கொடுத்து, "வேற என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

"பாட்டு கேக்க வந்தேன் மகாராஜா. இன்னும் ஒரு பாட்டுகூட முழுசாக் கேக்கல."

முதல் வரிசையில் அவளை உட்கார வைத்தார்கள். நாற்பது பேரும் சொந்தக் குரலில் பாடினார்கள். ஒருத்தருக்குச் சுருதி ஏறியது, ஒருத்தருக்கு இறங்கியது, ரெண்டு பேர் வார்த்தையை மறந்தார்கள். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள். நன்றாய்த்தான் இருந்தது.

முதல் உஷ் சொன்ன அம்மாள் மெதுவாய் வந்து, "வேர்க்குதேம்மா," என்று தன் விசிறியை நீட்டினாள். அல்லிமுத்து விசிறியை வாங்கிக்கொண்டாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.