அள்ளாத மண்

"படத்துல தப்பே இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வரமாட்டேங்குது" என்றார் தெய்வநாயகம்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. நிலவியல் அதிகாரி. மலைத் தாலுகா முழுக்க எங்கே மண் சரியும், எங்கே சரியாது என்று படம் போட்டு முடித்திருந்தார். சரியும் இடம் சிவப்பு. சரியாத இடம் வெள்ளை.

கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய குரு.

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடாதீர்கள். பழனியாண்டிக்கு வயது நாற்பத்தொன்று. ஜே.சி.பி. ஓட்டுகிறவர். மலைப்பாதையில் மண் விழுந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

போன வருஷம் ஒரு வளைவைத் தெய்வநாயகம் பத்திரமான இடம் என்று எழுதிக் கொடுத்தார். ரெண்டு மழை தாங்காது என்றார் பழனியாண்டி. ரெண்டாவது மழையில் வளைவு ரோட்டோடு போனது. அன்றைக்கே தெய்வநாயகம் அவரைக் குருவே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஆபீஸில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படுகிறவனுக்குப் படம் போடுகிற வேலை எதற்கு?

இந்தப் படத்தை வைத்துத்தான் சிவப்பில் இருக்கிற நூற்றிருபது குடும்பங்களைக் கூனிமேட்டுக்கு மாற்றப்போகிறார்கள். கூனிமேடு வெள்ளை. அங்கே ரோடு இனிமேல்தான் போட வேண்டும். வியாழக்கிழமை கையெழுத்து.

பழனியாண்டி படத்தை வாங்கி வண்டியின் மண்வாரி மேல் விரித்தார். ஒவ்வொரு சிவப்பாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். இது பதினாலாம் வளைவு, நாலு நாள் அள்ளினது. இது பாலத்துக்கு மேலே, பஸ் மாட்டிக்கொண்டது. ஒன்றுவிடாமல் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா, குருவே?"

"இருக்கு சார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அள்ளினது இருக்கு. நான் அள்ளினது இருக்கு. நாங்க அள்ளாதது எங்க இருக்கு?"

தெய்வநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பது வருஷப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன் என்றார். தேதி, இடம், ரோடு எத்தனை மணி நேரம் அடைபட்டது, புகார் கொடுத்தவர் யார், எல்லாம் அதில் இருக்கிறது. கூனிமேட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

பழனியாண்டி வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

எங்கே என்று கேட்டார் தெய்வநாயகம்.

"கூனிமேட்டுக்கு. வண்டி போகாது. நடந்துதான் வரணும்."

ரெண்டு மணி நேரம் ஏறினார்கள். வழியெல்லாம் அட்டை. தெய்வநாயகம் நாலு இடத்தில் உட்கார்ந்தார். குரு ஒரு இடத்தில்கூட ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலே போனதும் தெய்வநாயகம் நின்றுவிட்டார்.

கைவிட்ட தேயிலைத் தோட்டம். செடி வரிசைகள் சீராக வந்துகொண்டிருந்தன. ஓர் இடத்தில் வரிசை அறுந்து, ஓர் ஆள் உயரம் கீழே போய், அங்கிருந்து மறுபடி தொடங்கியது. சவுக்கு மரங்கள் அடியில் சாய்ந்து நுனியில் நிமிர்ந்திருந்தன. மண் காலடியில் கொழகொழத்தது. மேலே அரைவட்டமாக ஒரு பழைய வெட்டு, புல் மூடிக் கிடந்தது.

இதை வாசிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். படித்த படிப்பே இதுதான். இது ஒரு தடவை சரிந்த மலை. இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிற மலை.

அவர் படத்தை விரித்தார். சிவப்பெல்லாம் ரோட்டோரமாகவே இருந்தது. ரோட்டை விட்டு ஒரு சிவப்பும் தள்ளிப் போயிருக்கவில்லை.

"இங்க எப்போ விழுந்தது?"

"முப்பத்தொரு வருஷம் ஆச்சு. ஐப்பசி மாசம். எனக்குப் பத்து வயசு. தோட்டத்து ஆளுங்களுக்குக் கட்டின லைன் வீட்டுல இங்கதான் இருந்தோம். ஏழு பேர் உள்ளே மாட்டிக்கிட்டாங்க. சட்டியாலயும் கையாலயும் தோண்டினோம். நாலு பேரை எடுத்தோம்."

மீதி மூன்று பேர் இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருந்தார்கள். பழனியாண்டி பேர் சொன்னார். அப்பா முனியாண்டி. அக்கா மாரியாயி. பக்கத்து வீட்டுத் தங்கவேலு.

"வண்டி வரும்னு ஒன்பது நாள் பார்த்தோம் சார். ரோடு அடைபடலைன்னு வரலை. நான் வண்டி கத்துக்கிட்டதே அதுக்காகத்தான். கத்துக்கிட்டு என்ன பண்ண? என்னையும் ரோட்டுக்குத்தான் கூப்பிடுறாங்க."

இறங்கும்போது தெய்வநாயகம் ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

வியாழக்கிழமை பெரிய அதிகாரி படத்தைப் பிரித்ததும் முகம் சுளித்தார். கூனிமேடு முழுக்கச் சிவப்பு. மை இன்னும் சரியாகக் காயவில்லை.

இது என்ன விளையாட்டு என்று கேட்டார். வீடு கட்ட உத்தரவு தயாராகிவிட்டது, பழைய படத்தையே கொண்டுவந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கிறது, எதற்கு வீண் வம்பு என்று தணிந்த குரலிலும் சொல்லிப் பார்த்தார்.

தெய்வநாயகம் எட்டு மாசம் இருந்தால் இருக்கட்டும் என்றார். நூற்றிருபது வீட்டுக்குத் தன் கையால் குழி வெட்ட மாட்டேன் என்றார். வேண்டுமானால் வேறு ஆளை வைத்து வெள்ளை அடித்துக்கொள்ளுங்கள், என் பேர் அதில் வராது என்றார். முப்பது வருஷ வேலையில் அவர் அந்த அறையில் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். ரோடே இல்லாத இடத்தில் மண் விழுந்ததாக யார் புகார் கொடுத்தது, காட்டுங்கள் பார்ப்போம் என்றார்.

பதிவேடு வந்தது. கடைசிப் பக்கத்தில் தெய்வநாயகத்தின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி. இடம், கூனிமேடு. விழுந்தது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி. ரோடு அடைபட்ட நேரம், ஒரு கோடு. புகார் கொடுத்தவர் என்ற கட்டத்தில் மூன்று பேர்.

"முனியாண்டி, மாரியாயி, தங்கவேலு" என்று அதிகாரி வாசித்தார். "யாரு இவங்க? ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. நானே விசாரிக்கிறேன்."

"அவங்களால வர முடியாது சார்" என்றார் தெய்வநாயகம். "வண்டி அனுப்புங்க."