முதுகைக் காட்டி நின்ன ஊர்

இருங்க, நான் இன்னும் முடிக்கல. "மேடையில இடம் கேக்குறீங்களே, பொண்ணுங்க இதுவரைக்கும் என்ன கிழிச்சீங்க, நாங்க பாத்ததே இல்லையே"ன்னு தானே கேட்டீங்க, மாணவர் சங்கத் தலைவரே? பாத்ததே இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கதை. மைக்கை இப்படிக் குடுங்க.

முன்னொரு காலத்துல நெடுங்கழனி நாட்டை கொற்றவேலன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. காலைல ஒருத்தனுக்கு யானையைப் பரிசாக் குடுப்பாரு. மத்தியானம் அது தும்முச்சுன்னு திருப்பி வாங்கிக்குவாரு. அப்படி ஒரு ராசா.

அந்த நாட்டுக்கே சோறு போட்டது ஒரே ஏரி. எதிர்க்கரை தெரியாது. அதோட அடிவயித்துல ஒரு கல்லு மூடி. வருஷா வருஷம் மடைக்காரன் மூச்சைப் பிடிச்சு, மூணு ஆள் ஆழம் முங்கி, அதைத் தூக்கினாத்தான் வாய்க்கால்ல தண்ணி ஓடும்.

அதுல ஒரு வழக்கம். மூடி தூக்குறப்ப யாரும் பாக்கக்கூடாது, கண்ணு பட்டா ஏரி வத்திடும். அதனால ராசாவுல இருந்து உழவன் வரைக்கும் கரையில முதுகைக் காட்டி நிப்பாங்க. வாய்க்கால்ல தண்ணிச் சத்தம் கேட்டப்புறந்தான் திரும்பணும். பொம்பளைங்க என்னிக்குமே கரையில கால் வைக்கக்கூடாது.

அந்த வருஷம் மடைக்காரன் சடையன் செத்துப்போனான். ஆம்பளைப் பிள்ளை இல்ல. மடை வேலையையும் ஏரியோரக் குடிசையையும் தன் தங்கச்சி மகனுக்கு வாங்கிடணும்னு ஏரி அதிகாரி வல்லபராயர் பறந்தாரு. சடையன் மக காத்தாயி நேரா சபைக்கு வந்துட்டா.

"அந்த வேலை எனக்குத்தான் சேரணும், மகாராசா."

வல்லபராயர் சிரிச்சாரு. "மடை என்ன உன் வீட்டு அம்மிக்கல்லா? மகாராசா, பொம்பளை திறந்த தண்ணில விளைஞ்ச சோறு என் தொண்டையில இறங்காது. இறங்குச்சுன்னா இந்தத் தலைப்பாகையை இவ காலடியில வைக்கிறேன்."

"சபை முன்னால சொல்றீங்களா, ஐயா?"

"சபை முன்னாலதான்."

"சரிங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"சீரகச் சம்பா. நெய் ஊத்தி. எதுக்குக் கேக்குற?"

"நம்ம ஏரித் தண்ணில விளைஞ்சதுதானுங்களே?"

"பின்ன, வானத்துல இருந்தா கொட்டுச்சு?"

"நல்லா இறங்குச்சுங்களா?"

ராசா வெத்தலை மெல்லுறதை நிறுத்திட்டாரு.

காத்தாயி சொன்னா: "எங்கப்பனுக்குக் காது சவ்வு கிழிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சு, மகாராசா. முங்கினா ரத்தம் கொட்டும். அஞ்சு வருஷமா முங்கினது நான். ஓரத்துக் கோரைப்புல்லுக்குள்ள இருந்து நீந்தி வருவேன், மூடியைத் தூக்குவேன், திரும்பக் கோரைக்குள்ளயே போயிடுவேன். அப்பன் தலையில தண்ணியை ஊத்திக்கிட்டுக் கரையேறும். நீங்க திரும்பிப் பாத்து மாலை போடுவீங்க."

"பொய்," வல்லபராயர் எழுந்துட்டாரு. "நீ முங்கினதை யாரு பாத்தா?"

"எல்லாரும் முதுகைக் காட்டி நின்னீங்களே ஐயா. ஆம்பளை முங்கினதை மட்டும் யாரு பாத்தா?"

ராசா தொடையைத் தட்டினாரு. "கண்ணு பட்டாப் படட்டும். இந்த வருஷம் நான் ஏரியைப் பாத்துத்தான் நிப்பேன். மூடியைத் தூக்குறவங்களுக்கு வேலை."

மூடி தூக்குற நேரத்துல அன்னிக்குத்தான் ஊரே மொத தடவையா ஏரிக்கு முகம் காட்டி நின்னுச்சு. காலை வெயில்ல அவ்வளவு தண்ணியைப் பாத்ததுமே பாதிப் பேரு கையெடுத்துக் கும்பிட்டாங்க. முதல்ல வல்லபராயரோட தங்கச்சி மகன் குதிச்சான். நாலு மடக்கு தண்ணி குடிச்சிட்டு வந்தான். "மாமா, இதுக்கு அடியே இல்ல," அப்படின்னான்.

அப்புறம் கோரைப் பக்கமா காத்தாயி இறங்கினா. நீந்தி வந்தா. முங்கினா.

ராசா அவ கூடவே மூச்சைப் பிடிச்சாரு. அவர் பிடிச்சதால மந்திரிங்களும் பிடிச்சாங்க. ராசாவுக்கு முட்டிருச்சு, விட்டாரு. மறுபடி பிடிச்சாரு, விட்டாரு. மூணாவது தடவையும் விட்டாரு. தண்ணி மேல ஒரு சலனம் இல்ல. "அய்யோ, பிள்ளை," அப்படின்னு யாரோ முணுமுணுத்தாங்க.

அப்பத்தான் அடியில இருந்து குடம் குடமா குமிழி கிளம்புச்சு. பின்னால வாய்க்கால்ல தண்ணி உறுமிக்கிட்டு ஓடுச்சு. காலங்காலமா அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்புவாங்க. அன்னிக்கு ஒருத்தர்கூடத் திரும்பல. அத்தனை கண்ணும் ஏரி மேலதான்.

காத்தாயி தலை தெரிஞ்சுது. கையில அஞ்சு சங்கு வளையல். "மூடியோட வளையத்துல வருஷத்துக்கு ஒண்ணாக் கட்டி வச்சேன்," அப்படின்னா. முதல் வளையல்ல விரல்கனத்துக்குப் பாசி. அடுத்ததுல கொஞ்சம் கம்மி. கடைசில சும்மா ஒரு பச்சைப் பூச்சு. இந்த வருஷத்துக்கான ஆறாவது அவ இடது கையில வெள்ளையா மின்னுச்சு.

"கரையேறி வா, தாயி," ராசா கூப்பிட்டாரு.

இடுப்பளவு தண்ணில அவ நின்னுட்டா. "பொம்பளை கரையில கால் வைக்கக்கூடாதுங்களே."

ராசா பட்டு நனைய, கிரீடத்தோட தண்ணிக்குள்ள இறங்கினாரு. அவ முன்னால நின்னு அந்த வளையல்களை ரெண்டு கையாலயும் வாங்கினாரு. அதை ஊரே பாத்துச்சு. "வேலையும் குடிசையும் உன்னுது. உனக்கப்புறம் உன் மகளுக்கும். இன்னியில இருந்து கரை எல்லாருக்கும் பொது. வல்லபராயரே, வருஷா வருஷம் நீர் ஏரியைப் பாத்து நின்னு, முங்குறது யாருன்னு ஊருக்கே கேக்கக் கத்தணும். அதுக்கு முன்னால, தலைப்பாகை."

அவ காலு தண்ணிக்குள்ள இருந்துச்சு. வல்லபராயர் இறங்கித்தான் வைக்க வேண்டியிருந்துச்சு. வச்சா அது மிதக்குது. காத்தாயி அதை எடுத்துப் பிழிஞ்சு, தலையைத் துவட்டிக்கிட்டு, கரை மேல நடந்து போனா.

கதை முடிஞ்சுது தலைவரே. என் கேள்வி முடியல. போன மாசம் விடுதித் தண்ணிப் பிரச்சினைக்கு ஒரு மனுவைப் படிச்சு, கைதட்டலும் மாலையும் வாங்குனீங்களே, அதை மூணு நாள் முழிச்சு எழுதுனது யாரு? அப்புறமா தனியா வந்து என் காதுல சொல்ல வேணாம். இந்தாங்க மைக். முன்னூறு பேர் உக்காந்திருக்காங்க. இவங்க முகத்தைப் பாத்து, பேரைச் சொல்லுங்க.