முள் எழுந்தால் கோபமா?

ஒரு காட்டாற்றின் வடகரை முழுக்க யானைகளின் ராஜ்யம். அங்கே பலாமரங்கள் அடர்ந்து நின்றன. தென்கரை மலை கரடிகளுக்குச் சொந்தம். அங்கே உப்பு மண் கிடைத்தது. யானைக்கு உப்பு வேண்டும், கரடிக்குப் பலா வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை ஆற்றின் நடுத்திட்டில் சந்தை கூடும். யானைகள் பழங்களை உருட்டி வரும். கரடிகள் உப்புக் கட்டிகளைத் தூக்கி வரும். ஒரு பழத்துக்கு ஒரு கட்டி என்பது பேச்சு.

அந்தத் திட்டில் கூரி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். யானைகளும் கரடிகளும் சிந்திவிட்டுப் போகும் உப்பும் சுளையும்தான் அவர்களுக்குப் பிழைப்பு.

ஒரு சந்தை நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. யானைகளின் தலைவி மலைநாச்சி கரையேறியதும் இரண்டு காதுகளையும் அகல விரித்தாள். எதிரே கரடிகளின் தலைவன் சடையன், இரண்டு கால்களில் எழுந்து கைகளைத் தூக்கினான்.

"பாத்தீங்களா, காதை விரிச்சுட்டா! மிதிக்க வர்றா!" என்றான் சடையன்.

"கையை ஓங்குறான்! அறையப் போறான்!" என்றாள் மலைநாச்சி.

அன்று யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் இரண்டு பேரும் மனதில் வஞ்சம் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அடுத்த வாரம் மலைநாச்சி பிளிறினாள். "இனிமே ஒரு பழத்துக்கு ரெண்டு கட்டி!"

"அப்படியா சேதி? ஒரு கட்டிக்கு மூணு பழம்!" என்று சடையன் உறுமினான்.

அவள் பாதையில் மரங்களைச் சாய்த்துப் போட்டாள். அவன் பாறைகளை உருட்டிவிட்டான். சந்தை நின்றுபோனது!

வடகரையில் பலாப்பழங்கள் அழுகி ஈ மொய்த்தன. உப்புக்கு ஏங்கிய யானைகள் வெறும் பாறையை நக்கி நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டன. தென்கரையில் கரடிகள் இருந்த கறையான் புற்றையெல்லாம் உடைத்துத் தின்றுவிட்டு, ஒன்றோடொன்று சண்டை போட்டன. ஆனாலும் இறங்கி வர யாருக்கும் மனமில்லை. வயிறு காய்ந்தாலும் வீம்பு மட்டும் கொழுத்துக்கொண்டே போனது.

திட்டில் கூரியின் சின்னக் குட்டி எழுந்து நிற்பதையே விட்டுவிட்டது. ஒரு நாள் காலையில் அது தவழ்ந்து வந்து அம்மாவின் கண்ணோரத்தை நக்கியது. கண்ணீரில் உப்பு இருக்கிறதல்லவா!

"இதுக்கு ஒரு முடிவு கட்டாம நான் ஓயமாட்டேன்!" என்று கூரி ஆற்றில் குதித்தாள்.

வடகரையில், சாய்ந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். யானைக் கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முதுகு முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்தது.

"சண்டைக்கு வர்றா!" என்று ஓர் இளவட்ட யானை காலைத் தூக்கியது.

"காலை இறக்குப்பா! எனக்குப் பயம் வந்தா முள்ளு தானா எழும்பும். எல்லாரும் அதைக் கோபம்னு நினைக்கிறாங்க. நான் நடுங்குறது எனக்குத்தானே தெரியும்!"

மலைநாச்சி சிரித்துக்கொண்டே காதுகளை விரித்தாள். கூரி ஓரடி பின்வாங்கினாள். பிறகு சட்டென்று கேட்டாள். "நாச்சியம்மா, இப்ப எதுக்குக் காதை விரிச்சீங்க?"

"வெயில் கொளுத்துதே! காதை விசிறினாத்தான் எனக்கு உடம்பு ஆறும்."

"அன்னிக்குச் சந்தையிலயும் அதுக்குத்தானா?"

"வேற எதுக்கு?"

கூரி திரும்ப ஆற்றைக் கடந்து, பாறைகளுக்கு இடையில் புகுந்து மலையேறினாள். உச்சியில் சடையன் எழுந்து நின்று கைகளைத் தூக்கினான். அவளுக்கு மறுபடியும் முள் எழுந்தது. ஆனால் அவள் ஓடவில்லை.

"சடையண்ணே, என்னை அடிக்கப் போறீங்களா?"

"யாரது, கூரியா? உன்னை நான் ஏம்மா அடிக்கணும்? எனக்குக் கண்ணு மங்கல். எழுந்து நின்னு மோந்து பாத்தாத்தான் ஆளு யாருன்னே தெரியும்!"

கூரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்திக்கு வெயில், ஒருத்தனுக்குக் கண் மங்கல். இதற்கா என் குட்டி சாகக் கிடக்கிறது! இப்போது அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மலைநாச்சி காதை விரித்தது வெயிலுக்காகத்தான் என்று சடையனிடம் சொன்னாள்.

"இப்படிச் சொல்லச் சொல்லி அவ அனுப்பினாளா?" என்றான் சடையன்.

திரும்பிப் போய், சடையனுக்குக் கண் மங்கல் என்று மலைநாச்சியிடம் சொன்னாள். "கரடிக்கு வக்காலத்து வாங்குறியா?" என்றாள் அவள்.

"என் குட்டிக்கு வக்காலத்து வாங்குறேன்! நாளைக்குக் காலையில நீங்க திட்டுக்கு வந்தாகணும். வரலைன்னா உங்க வழியிலயே படுத்துக் கிடப்பேன்!" சடையனுக்கும் இதே மிரட்டலைச் சொல்லிவிட்டு வந்தாள்.

நடக்கிற வழியில் முள்ளம்பன்றி படுத்துக் கிடப்பதை யார் விரும்புவார்கள்? இரண்டு பேரும் வந்தார்கள்.

வெயில் ஏறியது. மலைநாச்சியின் காதுகள் விரிந்தன. சடையன் விருட்டென்று எழுந்தான். இருவருக்கும் நடுவில் கூரி நின்றாள். முள் அத்தனையும் குத்திட்டு நின்றன.

"அண்ணே, கேளுங்க! வாயைத் திறந்து கேளுங்க!"

சடையன் கேட்டான். "வெ... வெயிலா நாச்சி?"

"ஆமா, தாங்கல. உனக்கு நெசமாவே என்னைத் தெரியலையா?"

"கறுப்பா என்னவோ விரிஞ்சு நிக்குது. அவ்வளவுதான் தெரியுது."

மலைநாச்சி ஓரடி முன்னே வந்தாள். பிறகு தும்பிக்கையை நீட்டி அவன் மூக்கருகே கொண்டுபோனாள். "நான்தாம்ப்பா!" என்றாள். சடையன் மோந்து பார்த்தான். கைகள் மெல்லக் கீழே இறங்கின.

அன்று மாலைக்குள் மரங்களும் பாறைகளும் வழியை விட்டு அகன்றன. பேரம் மட்டும் ஓயவில்லை. மறுநாள் கூடிய சந்தையில் ஒரு சூம்பிப்போன பழத்துக்காக இருவரும் தொண்டை வறளக் கத்தினார்கள். ஆனால் அவள் காதை விரித்தால் அவன் "வெயிலா?" என்று கேட்டான். அவன் எழுந்து நின்றால் அவள் தன் பெயரைச் சொன்னாள்.

அதைக் கேட்கக் கூரி அங்கே நிற்கவில்லை. விலை படியும் முன்பே முதல் கட்டியில் ஒரு மூலையைக் கடித்து எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். சின்னக் குட்டி அதை நக்கியது, மறுபடியும் நக்கியது, பிறகு தள்ளாடித் தள்ளாடி நான்கு காலில் எழுந்து நின்றது.

எதிரே நிற்பவரின் கோபத்துக்குப் பதிலடி கொடுக்கும் முன், அது கோபம்தானா என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.