சங்கிலி மிச்சம் வைத்த இரண்டு நகம்

அந்தக் காலத்தில் மலைக்குக் காது கேட்கும், விலங்குகளுக்குப் பேச்சு வரும், மலைப்பாம்புக்கு நாலு காலும் இருந்தது. ஒப்புக்கு இருந்த கால் இல்லை. உடும்பின் காலைப் போல நகம் வளைந்து, பாறையில் பதிந்தால் பாறைக்கே நோகிற கால்.

மலையடிவாரத்துப் பாம்புகளுக்குள் அப்போது ஒரு வழக்கம். மார்கழிப் பனி இறங்கி, பெண்கள் வெயில் காய வெளியே வரும் நாட்களில் ஆண்களெல்லாம் அவர்களை நோக்கி ஓடுவார்கள். எவன் முதலில் ஒருத்தியின் முதுகில் நாலு காலையும் ஊன்றுகிறானோ, அவள் அவனுக்கு. அவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. எந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தாலும் நகத் தழும்பு வரிவரியாய்க் கிடக்கும். அதைத் தாலி என்று சொல்லிக்கொண்டார்கள்.

தழும்பு விழாத முதுகு ஒன்றே ஒன்றுதான். நாச்சியினுடையது.

நாச்சி அந்த மலையிலேயே பெரியவள். அவள் படுத்தால் ஆற்றுக்குக் குறுக்கே மரம் விழுந்த மாதிரி இருக்கும். ஊன்ற வந்தவர்களை ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு முட்டும்வரை வைத்திருந்து, பிறகு புதரில் எறிந்துவிடுவாள். முள்ளம்பன்றி ஒருத்தி தோண்டிய வளையில் பாதியை வாங்கிக்கொண்டு குடியிருந்தாள்.

அவள் பயமில்லாமல் கண் அயர்ந்தது சங்கிலியின் பக்கத்தில் மட்டும்தான். சங்கிலி அவளில் பாதி நீளம்கூட இல்லாத ஆண் பாம்பு. உறக்கம் பிடிக்காதவன். மற்றவர்கள் ஓடும்போது இவன் அவளுடைய பாறையின் ஓரத்தில் கிடந்து, ஆற்றில் என்ன மிதந்து போகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவள் கேட்டபடியே உறங்கிப்போவாள். அவளைப் பார்த்துப் பார்த்து அவனுக்குள் ஒன்று வளர்ந்துவிட்டது. அதைச் சொல்ல வழிதான் தெரியவில்லை.

ஒருநாள் உடும்பு வந்து அவன் காதோரம் சொன்னது: "என்னடே சங்கிலி, இன்னும் ஆத்தைத்தான் பாத்துக்கிட்டுக் கிடக்கியா? மேட்டுப் பயலுக எல்லாம் ஒண்ணா இறங்கி வாரானுவ. இன்னைக்கு நீ ஊனலைன்னா நாளைக்கு எவனோ ஊனுவான்."

"அவகிட்ட ஒரு வார்த்தை..."

"வார்த்தையா! அப்புறம் எதுக்குடே உனக்குக் கால்?"

நாச்சி உறங்கிக்கொண்டிருந்தாள். சங்கிலி அறிந்த ஒரே வழி அதுதான். ஓடினான். ஏறினான். நாலு காலையும் ஊன்றினான்.

ரத்தம் கசிந்தது. நாச்சி கண்ணைத் திறந்தாள். அவள் சுற்றுவாள், நெரிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அதைக்கூடச் செய்யவில்லை. திரும்பிப் பார்த்து, "நீயுமா சங்கிலி?" என்றாள். அவனை உதறிவிட்டு வளைக்குள் போய்விட்டாள்.

"ஊனிட்டான், ஊனிட்டான்!" என்று உடும்பு குதித்தது. "மாப்ளே, இனி அவ உன் பொண்டாட்டி. உள்ள போய் இழுத்துட்டு வா!"

சங்கிலி போகவில்லை. வளை வாசலில் கிடந்தான். பொழுது சாய்ந்து மறுபடி வெளுத்தது. முள்ளம்பன்றிதான் தலையை நீட்டியது.

"அவ உன்னைப் பாக்க மாட்டாளாம். இன்னொண்ணும் சொல்லச் சொன்னா. உன் காலுக்கு ஓடத் தெரியுதாம், பிடிக்கத் தெரியுதாம். கேக்கத் தெரியுமான்னு கேட்டா."

சங்கிலி தன் கால்களைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

அந்த மலையில் அருவிக்குப் பின்னால் ஒரு பிளவு உண்டு. உயிர்கள் தங்களுக்கு வேண்டாததை அதில் விட்டுவரும். குயில் கூடு கட்டும் பொறுமையை விட்டது அங்கேதான். முயல் குரலை விட்டதும் அங்கேதான். மலை வாங்கினால் திருப்பித் தராது.

சங்கிலி முன்னங்கால் இரண்டையும் பிளவுக்குள் வைத்தான். மலை மூடிக்கொண்டது. வலியில் அவன் உடம்பு முறுக்கிக்கொண்டது. அப்படியே திரும்பிப் பின்னங்கால்களையும் வைத்தான். அவை கரைந்து காலுக்கு ஒரு நகம் மட்டும் மிஞ்சிய நேரத்தில் கத்தினான்: "நில்லு ஆத்தா! அந்த ரெண்டு நகமும் எனக்கு வேணும்."

"பிடிக்கவா?" என்று மலை கேட்டது.

"கேக்க."

மலை பிடியைத் தளர்த்தியது.

அவன் வயிற்றால் ஊர்ந்து இறங்கி வந்தான். வழியெல்லாம் சிரிப்பு. "புழு போகுது பாரு, புழு!" என்றது உடும்பு. "கால் இல்லாதவனுக்கு எவடே வருவா?"

"உனக்கு நாலு இருக்கே மச்சான். உன்னை ஒருத்தியாவது வான்னு சொல்லியிருக்காளா?"

உடும்பின் நாக்கு வெளியே வந்தது. அதை உள்ளே இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடியது. சங்கிலி தலையை நிமிர்த்திக்கொண்டு போனான். கால் நாலும் இருந்த காலத்தில்கூட அவன் அப்படி நிமிர்ந்து போனதில்லை.

நாச்சி பாறைக்கு வந்திருந்தாள். முதுகில் புண் ஆறவில்லை. சங்கிலி பக்கத்தில் போய், வாலடியில் மிஞ்சிய இரண்டு நகத்தால், புண்ணில் படாமல், அவள் விலாவை மெல்ல வருடினான். நிறுத்தினான். காத்திருந்தான்.

"யாரு?"

"சங்கிலி. வரட்டுமா?"

வெயில் பாறையைக் கடந்து போனது. அவன் நகரவில்லை. மறுபடி ஒருமுறை வருடினான், மறுபடி காத்திருந்தான். மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் அப்படியே ஆற்றைத் தாண்டிப் போயிருப்பான். போகத்தான் மனதைத் தயார்செய்து வைத்திருந்தான்.

நாச்சி தலையைத் திருப்பினாள். கால் இருந்த இடங்களைப் பார்த்தாள். "எல்லாத்தையும் விட்டுட்டு வந்தியாக்கும்?"

"ரெண்டு நகம் இருக்கு."

"போதும்" என்றாள். அவ்வளவு பெரிய உடம்பை அசைத்து, வாலை மெல்ல ஒதுக்கி இடம் கொடுத்தாள். அந்த மலையில் ஒரு பெண் பாம்பு தானாக இடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு உடம்பும் கயிறு முறுக்கின மாதிரி ஒன்றாயின. குறுக்கே வந்து இடற அவன் பக்கம் காலே இல்லை. நாச்சிக்கு அப்போதுதான் புரிந்தது, கால் இடறாத இப்படி ஒரு சுற்றுக்குள் முட்டைகளை வைத்தால் பனி புகாது, நரியின் மூக்கும் புகாது என்று. அவளும் பிளவுக்குப் போனாள். யாரும் சொல்லிப் போகவில்லை. பேருக்கு இரண்டு சின்ன நகம் போதும் என்று நிறுத்திக்கொண்டு திரும்பினாள். அந்தக் கோடையில் முட்டைகளைச் சுற்றிப் படுத்து, இரை எடுக்காமல், உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு கொடுத்தாள். குஞ்சுகள் வரும்வரை அசையவில்லை. அதைப் பார்த்த மற்றப் பெண்கள், ஊன்ற வந்தவர்களையெல்லாம் பிளவுக்குப் போய்விட்டு வரச் சொன்னார்கள்.

உடும்பு மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மலைப்பாம்புக்கு ஓட்டம் இல்லை, அவசரமும் இல்லை. அன்று முதல்தான் ஆண் மலைப்பாம்பு எவ்வளவு வளர்ந்தாலும் வாலடியில் அந்த இரண்டு நகத்தைச் சுமந்துகொண்டு போகிறது. தன்னைவிடப் பெரியவளின் பக்கத்தில் படுத்து, மெல்ல வருடிக் கேட்டுவிட்டு, அவள் வாலை ஒதுக்கும்வரை காத்திருக்கிறது.